தோளுக்கு வெளியே தெரியும் கம்பி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64, பல வருடமாகச் சர்க்கரை. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோள் முறிந்துவிட்டது. உள்ளே பிளேட் வைக்காமல், கம்பிகள் வெளியே தெரியும்படி ஃபிக்ஸேட்டர் (எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் சட்டம்) போட்டிருக்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. இது தேவைதானா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: தோள் முறிந்தது என்று நாம் சொன்னாலும், இந்த வயதில் பெரும்பாலும் முறிவது மேல்கை எலும்பின் கழுத்துப் பகுதிதான், அதாவது அதன் உருண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே. அதிலும் பலருக்குத் தூளி போட்டுக் கையைத் தொங்கவிட்டாலே போதும். பிரிட்டனில் 250 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதனால் “இவருக்கு ஏன் தேவைப்பட்டது?” என்று எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

துண்டுகள் மிகவும் விலகியிருந்தால் நிறுத்தி வைக்க ஒரு பிடி வேண்டும். பிளேட் என்றால் பெரிதாகக் கீற வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குக் காயம் ஆறுமா என்ற கவலை வேறு. ஃபிக்ஸேட்டருக்குச் சின்னச் சின்னத் துளைகள் போதும். எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமும் அதிகம் கலையாது. குறையும் உண்டு: வயதானவர்களின் எலும்பு மெலிந்திருப்பதால் கம்பி தளரலாம். பொதுவாக நாலு முதல் ஆறு வாரத்தில் கழற்றுவார்கள்.

கம்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தோலுக்குள் நுழையும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனித் துணியால், கம்பியிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் உங்கள் மருத்துவர் சொன்னதுதான் கணக்கு. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. முதல் சில நாள் லேசாக நீர் கசிவது சகஜம். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, கம்பி ஆடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். திருகு தளர்ந்தது போலத் தெரிந்தால் ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள்! மெக்கானிக் மகன் ஒருவர் அப்படி முறுக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தினமும் ஒருமுறை, புஜத்தில் தடுப்பூசி போடும் இடத்தை விரலால் தொட்டு, “தெரிகிறதா அம்மா?” என்று கேளுங்கள். கையைத் தோளிலிருந்து தூக்கும் தசைக்கான நரம்பு எலும்பைச் சுற்றி அந்தப் பக்கமாகத்தான் போகிறது. புதிதாக மரத்துப்போனாலோ, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போனாலோ உடனே சொல்ல வேண்டும்.

குளியல்? இடுப்புக்குக் கீழே தாராளமாக, மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். முன்பக்கம் திறக்கும் நைட்டியில் வலது கைத் தையலைப் பிரித்து நாடா வைத்துவிடுங்கள். தூங்கும்போது சாய்ந்த நிலையில், முழங்கைக்குக் கீழே தலையணை.

அப்புறம், விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். குனிந்து கையை ஊஞ்சல் போல ஆட்டும் பயிற்சியை மட்டும் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள்.

அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கம்பி இடம் நகர்ந்திருக்கிறதா என்பது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.