புது இடத்தில் ஒட்டாத மகள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. இணையத்தில் உள்ள 16 வகை ஆளுமைச் சோதனையை அவளுக்காக நானே நிரப்பினேன். ‘இன்ட்ரோவர்ட்’ (தனிமை விரும்பி) என்று வந்தது. புது இடங்களில் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அவள் தம்பி நேர் எதிர். இந்த முடிவை வைத்து அவளைப் புரிந்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அத்தகைய சோதனைகள் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களிலேயே பலருக்குச் சில வாரங்கள் கழித்து வேறு வகை வருகிறது. ஒவ்வொரு குணத்தையும் நடுவே கோடு கிழித்து இரண்டாகப் பிரிப்பதால், கோட்டருகே நிற்பவர் ஒரே விடை மாறினாலும் மறுபக்கம் போய்விடுகிறார். குழந்தைக்காக நீங்கள் நிரப்பினால் உங்கள் கவலையும் சேர்ந்தே பதிவாகும்.

பிறவி இயல்பைக் கவனிப்பதே மேல். மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, குழந்தைகளின் இயல்பை 9 கூறுகளாகப் பார்த்தது. அதில் சுமார் 15 சதவீதக் குழந்தைகள் ‘மெதுவாகப் பழகுபவர்கள்’. சுமார் 35 சதவீதம் பேர் அந்த ஆய்வு பிரித்த எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: எந்த இடம், எத்தனை பேர், உங்களை விட்டு நகர எத்தனை நிமிடம், நகர வைத்தது எது. அரை மணி நேரத்தில் கலந்து விளையாடினால் அவள் மெதுவாகப் பழகுபவள். நன்றாக விளையாடிவிட்டுப் பிறகு தனிமை தேடினால் கூட்டம் அவளைக் களைப்பாக்குகிறது. போவதற்கு முன்பே வயிற்றுவலி, அழுகை என்றால் அது பயம். மூன்றும் வெளியே ஒன்றுபோலத் தெரியும், அணுகுமுறை வேறு.

மெதுவாகப் பழகுபவள் என்றால், கூட்டம் சேர்வதற்கு 15 நிமிடம் முன்பே போய்விடுங்கள். அங்கே யார் இருப்பார்கள், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லார் முன்னிலையிலும் “வணக்கம் சொல்லு” என்று நெருக்க வேண்டாம். யாராவது அவளிடம் கேள்வி கேட்டால் பத்து விநாடி பொறுங்கள். பல பெற்றோர் பொறுக்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். அழுதால் உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். விலகினால் நிம்மதி என்று மனம் பழகிவிடும். ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டுத் திரும்புங்கள்.

அவள் காதுபட “இவ கூச்ச சுபாவம்”, “தம்பியைப் பாரு” என்று சொல்லவே வேண்டாம். குழந்தை அந்தப் பெயருக்கேற்பவே நடக்கத் தொடங்கும்.

வீட்டில் நன்றாகப் பேசுபவள், பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கடந்த பின்னும், ஒரு மாதத்துக்கு மேல் அங்கே வாயே திறக்காமல் இருந்தால், குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள்.