36 வயது பிட்சருக்காக மூன்று இளம் வீரர்களைக் கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவுக்கு வந்த பிறகு மகளுக்காக பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். இப்போது எனக்கும் பிடித்துவிட்டது. எங்கள் அணி போன வாரம் 36 வயது ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்துவீச்சாளர்) ஒருவரை டிரேடில் எடுத்து, பதிலுக்குக் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கில் ஆடும் மூன்று இளைஞர்களைக் கொடுத்துவிட்டது. அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியைப் பழைய அணியே கட்டுமாம். இந்த ஆண்டு அவர் எண்களும் சுமார்தான். இது நல்ல டிரேடா என்று நானே எடைபோட எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது அவர் வயதை அல்ல, உங்கள் அணி பட்டியலில் எங்கே நிற்கிறது என்பதை. பிளேஆஃபுக்கு, அதாவது அக்டோபரில் நடக்கும் கோப்பைச் சுற்றுக்குப் போவது ஏறக்குறைய உறுதி என்றால் ஒரு கணக்கு. எட்டாத தூரத்தில் இருந்தால் வேறு கணக்கு. அப்படிப்பட்ட நிலையில் மூன்று இளைஞர்களைக் கொடுத்திருந்தால் அது தவறு என்றே சொல்வேன், வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

காரணம் இதுதான். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் ஓர் அணி ஐந்து ஸ்டார்ட்டர்களை மாற்றி மாற்றி இறக்கும். ஜூலை கடைசியில் வருகிற ஒருவருக்கு மிச்சம் இருப்பது பதினொன்று, பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றால் மட்டும் பட்டியல் தலைகீழாக மாறிவிடாது. அக்டோபரில் கதை வேறு. பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள்கள் வருவதால் மூன்று அல்லது நான்கு ஸ்டார்ட்டர்களே போதும். ஏழு ஆட்டத் தொடரில் ஒரே ஆள் இரண்டு முறை ஆட்டத்தைத் தொடங்கலாம். சீசன் முழுக்க ஐந்தில் ஒரு பங்கு சுமப்பவர், அக்டோபரில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு சுமப்பார். அணி விலை கொடுத்து வாங்குவது அந்த மாதத்தைத்தான்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் டிரேடு 2017-இல் நடந்தது. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஜஸ்டின் வெர்லேண்டர் அப்போது 34 வயதுக்காரர். 2011-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதும் சேர்த்து வென்றவர். ஆனால் அந்த ஆண்டு டெட்ராய்ட்டில் அவருக்கு 10 வெற்றி, 8 தோல்வி, ஈஆர்ஏ 3.82. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.82 ரன், அதில் தன் அணியின் ஃபீல்டிங் பிழையால் வந்தவை சேராது. மோசமில்லை, மிரட்டவும் இல்லை. நீங்கள் சொல்லும் அந்தச் 'சுமார்' எண்ணேதான். அப்போது இருந்த ஆகஸ்ட் 31 நள்ளிரவு டிரேடு கெடு முடியச் சில நொடிகளே இருந்தபோது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு அவர் போவது உறுதியானது. ஹார்வி புயல் அந்த நகரத்தை மூழ்கடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஹூஸ்டனில் சீசனின் மிச்ச நாள்களில் ஐந்து ஆட்டங்கள், ஐந்திலும் வெற்றி, ஈஆர்ஏ 1.06. அப்புறம் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக 16 இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன், 21 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). தொடர் நாயகன் விருது அவருக்கே. கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வென்று ஹூஸ்டன் தன் முதல் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆண்டு ஹூஸ்டன் அணி கேமரா வைத்து எதிரணி கேட்ச்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியது பின்னால் வெளியாகி, 2020 ஜனவரியில் தண்டனையும் வந்தது. அந்தக் கறை கோப்பையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது பேட்டிங் பக்கத்துக் குற்றம். வெர்லேண்டர் வீசிய பந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இது நடக்கும் என்று அன்றைக்கே யாராவது ஊகித்திருக்க முடியுமா? ஓரளவு முடியும். டெட்ராய்ட்டில் அந்த ஆண்டு அவர் 172 இன்னிங்ஸில் 176 ஸ்ட்ரைக்அவுட் எடுத்திருந்தார். வேகப்பந்து இன்னும் மணிக்கு 95 மைல் அளவில் போய்க்கொண்டிருந்தது. 64 வெற்றியோடு சீசனை முடித்த ஒரு பலவீனமான அணிக்காக வீசினார். கை தளரவில்லை, சுற்றியிருந்த அணிதான் தளர்ந்திருந்தது.

ஆகவே உங்கள் பிட்சரின் வெற்றி தோல்விக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஈஆர்ஏ-யையும் ஒரு பார்வையோடு விட்டுவிடலாம், அதில் ஃபீல்டர்களின் திறமையும் மைதானத்தின் அளவும் கலந்திருக்கும். மேஜர் லீக் நடத்தும் பேஸ்பால் சவான்ட் தளத்தில் அவர் பக்கத்தை இலவசமாகவே திறந்து பார்க்கலாம். அங்கே வேகப்பந்தின் சராசரி வேகத்தைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். 36 வயதில் அரை மைல் குறைவது சகஜம். ஒரே ஆண்டில் இரண்டு மைல் இறங்கியிருந்தால் எனக்குக் கவலை வரும், பெரும்பாலும் தோளிலோ முழங்கையிலோ ஏதோ இருக்கும். அடுத்தது ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது). எதிர்கொண்ட பேட்டர்களில் எத்தனை சதவீதம் பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், எத்தனை சதவீதம் பேருக்கு வாக் கொடுத்தார் என்று பார்த்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம் சென்ற ஆண்டுகளைப் போலவே இருந்தால், சுமாரான ஈஆர்ஏ-வுக்கு துரதிர்ஷ்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். வித்தியாசம் சுருங்கியிருந்தால் ஆள்தான் மாறிவிட்டார்.

பழைய அணி சம்பளத்தில் பங்கு கட்டுவதைச் சிலர் இலவசமாக நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பணத்துக்கு ஈடாகத்தான் நல்ல இளைஞர்களைக் கேட்டு வாங்குகிறார்கள். வெர்லேண்டருக்கு 2018, 2019 இரண்டு ஆண்டுகளுக்கும் தலா 2.8 கோடி டாலர் பாக்கி இருந்தது. டெட்ராய்ட் ஆண்டுக்கு 80 லட்சம் டாலரைத் தானே ஏற்றுக்கொண்டது. சம்பளம் முழுவதையும் ஹூஸ்டன் சுமந்திருந்தால் அது கொடுத்த மூன்று இளைஞர்களும் டெட்ராய்ட்டுக்கு அப்படியே கிடைத்திருக்க மாட்டார்கள். சம்பளத் தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் அணிகள் ஆடம்பர வரி கட்ட வேண்டும், அதனாலும் இந்தப் பேரம் முக்கியமாகிறது. அவர் போக மறுத்திருக்கவும் முடியும். பத்து ஆண்டுகள் மேஜர் லீக்கில் ஆடி, கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் டிரேடு செய்ய முடியாது. மூத்த பிட்சர் டிரேடுகள் கடைசி நிமிடம் வரை இழுபடுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். இந்த சீசனோடு முடிகிறது என்றால் உங்கள் அணி வாங்கியது சில மாத வாடகைதான். சீசன் நடுவில் டிரேடு ஆனவர் பிறகு வேறு அணிக்குப் போனால், ஈடாக டிராஃப்டில் (புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) கூடுதல் வாய்ப்பும் கிடைக்காது. ஹூஸ்டனுக்கு வெர்லேண்டர் இன்னும் இரண்டு முழு சீசன்கள் கையில் இருந்தார். இரண்டாவதில், 2019-இல், மறுபடியும் சை யங் விருது வாங்கினார்.

இனி கொடுத்த மூன்று பேர். மனசு வலிப்பது இங்கேதான், எனக்குப் புரிகிறது. டெட்ராய்ட்டுக்குப் போன மூவரில் அதிகம் மதிக்கப்பட்டவர் பிட்சர் ஃபிராங்க்ளின் பெரெஸ். அடுத்தடுத்த காயங்களால் அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. டாஸ் கேமரனுக்கு 2020-இல் வாய்ப்பு வந்தும் நிலைக்கவில்லை. நல்ல கேட்ச்சர், பேட்டிங் சந்தேகம் என்று மதிப்பிடப்பட்ட ஜேக் ராஜர்ஸ்தான் நிலைத்தார், 2023-இல் 21 ஹோம் ரன் அடித்தார். இளம் பிட்சர்களின் கை எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கொடுத்த மூவரில் பேட்டர் எத்தனை, பிட்சர் எத்தனை என்று பாருங்கள். மேஜர் லீக்கை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் பேட்டரைக் கொடுத்திருந்தால் அதுதான் பெரிய விலை.

எதிர்ப்பக்க உதாரணமும் டெட்ராய்ட்டிலேயே உண்டு. 1987 ஆகஸ்டில் டைகர்ஸ் 36 வயது டாயில் அலெக்சாண்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கியது. கொடுத்தது டபுள்-ஏ மைனர் லீக்கில் திணறிக்கொண்டிருந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை. அலெக்சாண்டர் 11 ஆட்டங்களில் 9 வெற்றி, தோல்வியே இல்லை, ஈஆர்ஏ 1.53. டெட்ராய்ட் டொரன்டோவைவிட இரண்டே ஆட்டம் முன்னால் நின்று, லீக்கின் ஒரு பிரிவான தன் டிவிஷனை வென்றது. பிளேஆஃபில் மினசோட்டாவிடம் தோற்றது, அலெக்சாண்டர் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டங்கள்) எடுத்து 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். அவர் மிச்சிகனில் வளர்ந்த பையன் என்பதால் ரசிகர்களுக்கு வலி இரட்டிப்பு. இதை முட்டாள்தனமான டிரேடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலெக்சாண்டர் இல்லாமல் அந்த டிவிஷன் கிடைத்திருக்காது, ஸ்மோல்ட்ஸ் இவ்வளவு உயரம் போவார் என்பதற்கு அன்றைக்கு அடையாளமும் இல்லை. அன்று கையில் இருந்த தகவலை வைத்துத்தான் டிரேடை மதிப்பிட வேண்டும்.

வயதால் வரும் உண்மையான ஆபத்து, திறமை குறைவது அல்ல, உடம்பு பாதியில் நின்றுவிடுவது. 2023-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 39 வயது மேக்ஸ் ஷெர்ஸரை நியூயார்க் மெட்ஸிடமிருந்து எடுத்தது. எட்டு ஆட்டம் நன்றாக வீசிவிட்டு, செப்டம்பரில் தோள்பட்டைத் தசை இழுத்து உட்கார்ந்தார். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் திரும்பி வந்தவர், வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் முதுகு பிடித்து வெளியேறினார். டெக்சஸ் கோப்பையை வென்றது, ஏனென்றால் அதே வாரம் ஜோர்டன் மான்ட்கோமரியையும் வாங்கி வைத்திருந்தது. அக்டோபரில் சுமையை எடுத்தவர் அவர்.

எனவே உங்கள் அணியில் இந்த 36 வயதுக்காரர் இரண்டாவது அல்லது மூன்றாவது ஸ்டார்ட்டரா, அல்லது அவரை நம்பித்தான் எல்லாமுமா என்று பாருங்கள். அணி பிளேஆஃப் இடத்தில் இருந்து, வேகம் குறையாமல், ஒப்பந்தத்தில் அடுத்த ஆண்டும் மிச்சம் இருந்தால் அந்த மூவரைக் கொடுத்தது சரியான விலைதான் என்பேன். ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது, கொடுத்தவர்களில் ஒருவர் அணியின் முதல் இரண்டு இளைஞர்களில் ஒருவர் என்றால் விலை அதிகம். அவர் வீசும் முதல் சில ஆட்டங்களில் ஸ்கோருக்குப் பதிலாக, திரையில் ஒவ்வொரு பந்துக்கும் காட்டும் வேகத்தை மகளிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் இன்னிங்ஸில் இருந்த வேகம் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலும் இருந்தால் நல்லது. ஐந்தாவதில் இரண்டு மூன்று மைல் விழுகிறது, அது ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கிறது என்றால், செப்டம்பரில் அவருக்கு ஒரு சுற்று ஓய்வு கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.