கிளெய்ம் எதுவும் இல்லை, ஆனாலும் பிரீமியம் ஏறுகிறது: கார் காப்பீட்டில் எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

கேள்வி: என் காருக்கு ஆறு வயதாகிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட இழப்பீடு கோரியதில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வண்டியை எடுக்கிறேன். ஆனாலும் புதுப்பித்தல் நோட்டீஸில் பிரீமியம் சென்ற ஆண்டைவிட அதிகமாக இருக்கிறது. “காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டு, கூடுதல் காப்புகளை எல்லாம் நீக்கிவிடு” என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? வேறு வழி உண்டா?

பதில்: நண்பர்கள் சொன்னதில் கூடுதல் காப்பு பற்றிய யோசனை பாதி சரி. மதிப்பைக் குறைப்பது பற்றியது பெரும்பாலும் தவறு. எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்த சில நாடுகளின் விதிகளை உதாரணமாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில், கிளெய்ம் இல்லாதபோதும் ஏன் ஏறுகிறது? நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது மட்டும் பிரீமியத்தைத் தீர்மானிப்பதில்லை. உங்களைப் போன்றவர்களின், உங்கள் கார் போன்ற கார்களின் மொத்தச் செலவும் அதில் சேர்கிறது. முன்பெல்லாம் பம்பர் என்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. இன்று அதற்குள் சென்சார் இருக்கிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், கண்ணாடியை மாற்றிய பிறகு கேமராவையும் மறுபடி அளவு திருத்த வேண்டும். இந்தச் செலவு எல்லார் தலையிலும் பங்காக விழுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை ஏஜென்ட்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நோட்டீஸ் வந்ததும் கேள்வி கேட்காமல் பணம் கட்டுகிறவரிடம் ஆண்டுதோறும் கொஞ்சம் கூட்டி வாங்கும் பழக்கம் இந்தத் தொழிலில் பல இடங்களில் இருந்து வந்திருக்கிறது. பிரிட்டனில் இது எல்லை மீறிப்போய், பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிட அதிக விலை சொல்லக் கூடாது என்று அந்நாட்டின் நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பு 2022 ஜனவரி 1 முதல் விதி கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படி ஒரு விதி இல்லாத ஊரில் விசுவாசத்துக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாலிசியை எடுத்து விலைப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு பெரிய பகுதிகள் இருக்கும். ஒன்று, உங்கள் காரால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பு. மற்றது, உங்கள் காருக்கே நேரும் இழப்புக்கான சொந்தச் சேதக் காப்பு. முதலாவதில் கை வைக்காதீர்கள். இந்தியாவில் அதன் விலையை அரசே அறிவிக்கிறது, எந்த நிறுவனத்திடம் போனாலும் அது மாறாது. காப்பு வரம்பை நாமே தேர்ந்தெடுக்கும் நாடுகளில் வரம்பைக் குறைத்து மிச்சம் பிடிப்பதைப்போல ஆபத்தான சிக்கனம் வேறு இல்லை. கார் போனால் இன்னொரு கார் வாங்கலாம். ஒரு குடும்பத்துக்கு இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டு, பாலிசி வரம்பு அதற்குப் போதாமல் போனால் மீதிக்கு உங்கள் சேமிப்பும் வீடும்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே நாம் குறைக்கப் பார்க்கும் இடமெல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான் இருக்கிறது.

அந்தப் பகுதியில் உங்கள் பெரிய சொத்து நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. இந்தியாவில் கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறும். ஐந்தாண்டு சுத்தமாக இருப்பதால் அங்கே நீங்கள் உச்சத்தில் இருப்பீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 50-இல் நிற்கும். மலேசியாவில் 25-இல் தொடங்கி 55 வரை போகும். ஏறுவது படிப்படியாக, விழுவது ஒரே அடியில். இந்தியாவிலும் மலேசியாவிலும் ஒரு கிளெய்ம் போதும், பூஜ்யம். சிங்கப்பூரில் 50-இல் இருப்பவர் 20-க்கு இறங்குவார்.

இதைப் பலர் ‘அடுத்த ஆண்டு கொஞ்சம் கூடும்’ என்று மட்டும் நினைக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். இந்தியப் படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரு கிளெய்ம் செய்கிறார். அடுத்த ஆண்டு தள்ளுபடியே இல்லை, இழப்பு 50. அதற்கடுத்த ஆண்டு 20 கிடைக்கிறது, இழப்பு 30. பிறகு வரும் ஆண்டுகளில் இழப்பு 25, 15, 5. மொத்தம் 125. அதாவது அந்த ஒரு கிளெய்முக்காக, தள்ளுபடி இல்லாத சொந்தச் சேதப் பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கு தொகையை ஐந்தாண்டுகளில் அவர் திருப்பிக் கட்டிவிடுகிறார். ஆண்டுதோறும் கார் மதிப்பு இறங்குவதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் கதவில் விழுந்த கீறலுக்கும் உடைந்த பக்கக் கண்ணாடிக்கும் கிளெய்ம் போடுவது கைக்காசை இழக்கும் வேலை என்பது தெளிவு. பட்டறையில் மதிப்பீடு வாங்கி இந்த ஒன்றேகால் மடங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதன் பிறகு முடிவெடுங்கள். ஒரு விலக்கு: பிறருக்குக் காயமோ சேதமோ நேர்ந்திருந்தால் சில்லறைக் கணக்குப் பார்க்காமல் உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அந்த வழக்கு எங்கே போய் முடியும் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் டிடக்டபிள் வருகிறது. சில நாடுகளில் இதை எக்ஸஸ் என்பார்கள். ஒவ்வொரு இழப்பிலும் முதலில் உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை இது. கட்டாயமாக ஒரு தொகை இருக்கும். அதற்கு மேல் ‘இவ்வளவையும் நானே ஏற்கிறேன்’ என்று நீங்களாக எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையும். சிறு சேதங்களுக்கு எப்படியும் கோரப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், அந்தச் சிறு சேதங்களுக்கான காப்புக்கு ஏன் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்? உங்களைப் போல ஐந்தாண்டு போனஸ் சேர்த்தவர்கள் மிகக் குறைந்த டிடக்டபிளை வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

எவ்வளவு உயர்த்தலாம்? எளிய வகுத்தல் போதும். உயர்த்துவதால் ஆண்டுக்கு 8 பங்கு மிச்சமாகிறது, விபத்தானால் கூடுதலாக 40 பங்கு கொடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்கும் குறைவாகவே பெரிய கிளெய்ம் வரும் என்று நம்பினால் உயர்த்தலாம். வகுத்த விடை பத்துக்கு மேல் வந்தால் நிறுவனம் தரும் தள்ளுபடி அற்பம், விட்டுவிடுங்கள். அந்தத் தொகை அவசரத்துக்குக் கையில் இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால் உயர்த்தக் கூடாது.

இனி மதிப்பு. கார் திருடுபோனாலோ முற்றிலும் சேதமானாலோ கிடைக்கும் உச்சத் தொகைதான் காப்பீட்டு மதிப்பு. இந்தியாவில் இதை ஐ.டி.வி. என்கிறார்கள். ஐந்து வயது வரை அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. அதற்குப் பிறகு நீங்களும் நிறுவனமும் பேசித் தீர்மானிப்பது. ஆகவே ஆறு வயதுக் காரில் இந்த எண்ணை இறக்குவது மிகச் சுலபம், ஏஜென்ட்டே செய்து கொடுத்து ‘பாருங்கள், எவ்வளவு குறைத்துவிட்டேன்’ என்பார். ஏற்கெனவே போனஸால் பாதியாகிவிட்ட தொகையில் கிடைக்கும் மிச்சம் அது, பெரிதாக இருக்காது. இழப்பதோ பெரிது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதுவது அங்குள்ள முறை. 100 மதிப்புள்ள காரை 80 என்று எழுதினால் அந்த எல்லை 75-இலிருந்து 60-க்கு இறங்குகிறது. 65 செலவில் சரிசெய்து ஓட்டியிருக்கக் கூடிய காரை முழு இழப்பென்று எழுதிவிடுவார்கள், உங்கள் கையில் 80-இல் டிடக்டபிள் போக மீதிதான் வரும். விபத்துக்குப் பிந்தைய கோப்புகளில் நான் கண்ட கோபமான கடிதங்களில் கணிசமானவை இந்த வகைதான். அதே சமயம், சந்தையில் கிடைக்காத விலையை எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பிரீமியம் கட்டுவதும் வீண். இதே மாடல், இதே வயதுக் கார் இன்று என்ன விலைக்குப் போகிறதோ அதை எழுதுங்கள்.

கூடுதல் காப்புகளைப் பொறுத்தவரை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்க வேண்டாம். புதுக் காரின் முழு விலையைத் திருப்பித் தரும் காப்பு ஆறு வயதுக் காருக்குப் பொருந்தாது. சாவி தொலைந்தால், பை தொலைந்தால் என்ற வகைகளையும் தயங்காமல் நீக்கலாம். வழியில் நின்றுபோனால் உதவும் சேவை கார் நிறுவனத்தின் நீட்டித்த வாரன்டியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், பலர் ஒரே சேவைக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறார்கள். தேய்மானம் கழிக்காத காப்பு விஷயத்தில் மட்டும் கணக்குப் போடுங்கள். அது இல்லாவிட்டால் இந்தியாவில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். பம்பரும் விளக்கும் பிளாஸ்டிக் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் ஆறாவது வயதில் அதன் விலையும் கூடியிருக்கும், சில நிறுவனங்கள் தரவே மாட்டா. பெரிய விபத்துக்கு மட்டுமே கோருவேன் என்பவர் அதை விடலாம். தண்ணீர் தேங்கும் பகுதியில் வண்டி நிறுத்துகிறவர் இன்ஜின் காப்பை மட்டும் விடக் கூடாது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் பழுதானால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கை விரித்துவிடும். போனஸைக் காக்கும் காப்பு என்று ஒன்று உண்டு. அது தள்ளுபடிச் சதவீதத்தைக் காக்குமே தவிர, அடிப்படை விலை ஏறுவதைத் தடுக்காது. மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னும் தொடாத பெரிய வாய்ப்பு ஓடும் தூரம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில், ஓடும் அளவுக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப விலை வைக்கும் கூடுதல் காப்புகளை அனுமதித்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சட்டத்தின்படி, ஓட்டுநரின் விபத்து வரலாறு, ஆண்டில் ஓடும் மைல், அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றும்தான் விலையை முதன்மையாகத் தீர்மானிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டும் நீங்கள் தினமும் ஓட்டுபவரின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பழைய சர்வீஸ் பில்களில் ஓடோமீட்டர் எண் இருக்கும், அதிலிருந்து உண்மையான ஆண்டுத் தூரத்தைக் கணக்கிட்டு, அதற்கு ஒரு படி மேலான திட்டத்தைக் கேளுங்கள். வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில திட்டங்களில் கூடுதல் தூரத்தை வாங்கிக்கொள்ளலாம், சிலவற்றில் காப்பே சுருங்கிவிடும். கருவியோ செயலியோ வைத்து வேகம், திடீர் பிரேக், இரவு ஓட்டம் ஆகியவற்றை அளக்கும் திட்டமாக இருந்தால், மதிப்பெண் குறையும்போது பிரீமியம் ஏறுமா, தகவல் யாரிடம் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விவரங்களில் பொய் சொல்லி மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். மகன் ஓட்டும் காரை அப்பா ஓட்டுவதாக எழுதுவது, வாடகைக்கோ பொருள் விநியோகத்துக்கோ ஓடும் காரைச் சொந்த உபயோகம் என்பது, பொருத்திய எரிவாயுக் கலனைச் சொல்லாமல் விடுவது எல்லாம் கிளெய்ம் நாளில்தான் வெளியே வரும்.

கடைசியாக, விலை கேட்கும் விதம். முடியும் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசி நாளில் கேட்பவருக்குப் பேரம் பேச நேரம் இருக்காது. குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் ஒரே மதிப்பு, ஒரே டிடக்டபிள், ஒரே கூடுதல் காப்புகள் என்று எழுதிக் கொடுத்து விலை வாங்குங்கள். இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு பொய்யாகிவிடும். மிகக் குறைந்த விலையோடு இப்போதைய நிறுவனத்துக்கே போன் செய்து பேசுங்கள். நோட்டீஸில் அச்சிட்ட விலை கடைசி விலை அல்ல. மாதத் தவணை வட்டியைச் சேர்த்துக்கொள்ளும், முடிந்தால் ஒரே தடவையில் கட்டுங்கள்.

நிறுவனம் மாறினால் போனஸ் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. இந்தியாவில் அது காருக்கோ நிறுவனத்துக்கோ சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றுப் புதிது வாங்கினாலும் சான்றிதழ் பெற்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். புதிய பாலிசி கைக்கு வந்ததும் முதலில் போனஸ் சதவீதத்தைச் சரிபாருங்கள். விற்கும் அவசரத்தில் உங்களுக்கு உரியதைவிடக் கூட்டி எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யும்போது அது தெரிந்துவிட்டால், எழுதியது ஏஜென்ட்டாக இருந்தாலும் சொந்தச் சேதக் கிளெய்மில் அடிபடுவது நீங்கள்தான். இன்ஜின் எண், சேஸிஸ் எண், பதிவு எண் மூன்றையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுவிட்டு, பிழை இருந்தால் அன்றே மின்னஞ்சலில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.