விண்டோஸை அழிக்காமல் லினக்ஸை நிறுவிப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொண்டு, இயக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு 'இரட்டைத் துவக்கம்' என்று பெயர். இயங்குதளம் என்பதும் வட்டில் இருக்கும் கோப்புகள்தான். வட்டைப் பிரித்து ஆளுக்கொரு பகுதி கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. ஒரே வாசல் உள்ள வீட்டில் இரண்டு குடித்தனம் போல. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்கிக் கிடப்பார். அந்த வாசல்தான் 'கிரப்' என்ற சிறு நிரல். பவர் பொத்தானை அழுத்தியதும் திரையில் பட்டியல் வரும்; அம்புக்குறி விசையால் நகர்த்தி என்டர் தட்டினால் போதும்.

ஆபத்து இருப்பது வட்டைப் பிரிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்ற தேர்வைக் கைதவறிச் சொடுக்கினால் படங்கள், ஆவணங்கள் எல்லாம் போய்விடும். அதனால் முதலில் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். வட்டில் உள்ளதை மறையாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். வெறுமனே பார்க்கத்தான் ஆசை என்றால் பென் டிரைவிலிருந்தே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை இயக்கலாம். வட்டைத் தொடவே வேண்டாம்.

இரண்டு இருந்தால் கணினி மெதுவாகும் என்பார்கள். அப்படியில்லை, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடுகிறது, குறைவது வட்டில் உள்ள இடம் மட்டுமே.