விளக்கு எரிகிறது, திரை இருட்டு: கீழக்கரைத் தம்பிக்கு

விசிறி மாற்றி வாங்கிவந்த கேமிங் லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு என்கிறீர்கள். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னதை உடனே நம்ப வேண்டாம் தம்பி. எனக்கு ராம் எனும் நினைவகப் பட்டை மீதுதான் சந்தேகம். சார்ஜரையும் உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ராமை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு அங்கே பச்சை பூத்திருந்தால் வியப்பில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் ஒரே ஒரு ராமை மட்டும் கிளிப் சொடுக்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பேட்டரியையும் சார்ஜரையும் மீண்டும் இணைத்து லேப்டாப்பைப் போடுங்கள். ராம் டிடிஆர்5 என்ற புதிய வகை என்றால் முதல் தடவை படம் வர சில நிமிடங்கள்கூட ஆகலாம், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். அப்போதும் இருட்டு என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். அதில் படம் வந்தால் கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கும். அவற்றைப் பார்க்காமல் மதர்போர்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.