ஸ்கோப்பின் எர்த்தைக் கழற்றாதீர்கள்

தெம்பனிஸ் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மானிட்டர் ஒன்றின் பவர் சப்ளை போர்டைப் பழுதுபார்க்கிறேன். ஆஸிலாஸ்கோப் (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) ப்ரோபின் எர்த் கிளிப்பைப் பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவில் மாட்டிய உடனே வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஸ்கோப் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?”

வேண்டவே வேண்டாம். அந்தக் கிளிப்பும் ஸ்கோப்பில் ப்ரோபைச் செருகும் பிஎன்சி இணைப்பின் வளையமும் வெளி உலோகமும் மூன்று முனை பிளக்கின் எர்த்தும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. மானிட்டருக்குள் 230 வோல்ட் ஏசி பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் நான்கு டயோடுகள்) வழியாக ஏறத்தாழ 325 வோல்ட் டிசி ஆகிறது, அதன் நெகட்டிவ் எர்த் கிடையாது, ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் ஒரு டயோடு வழியாக லைவோடு சேர்ந்தே இருக்கிறது. நீங்கள் கிளிப்பை மாட்டியதும் லைவிலிருந்து டயோடு, கிளிப், எர்த் என்று நேர்வழி கிடைத்துவிட்டது. வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது அதனால்தான். பிரிட்ஜும் ஃபியூஸும் போயிருக்கலாம், மறுபடி கரண்ட் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

எர்த்தைக் கழற்றினால் எதுவும் விழாது, அலைவடிவமும் திரையில் அழகாக வரும், ஆபத்தே அங்கேதான். ஸ்கோப்பின் உலோகம் முழுக்க இப்போது மெயின்ஸ் மின்னழுத்தத்தில் நிற்கும். ஒரு கை பிஎன்சியிலும் இன்னொரு கை எர்த் உள்ள ஏதாவது ஒன்றிலும் பட்டால் மின்சாரம் உங்கள் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

ஸ்கோப் எர்த்தோடு அப்படியே இருக்கட்டும், மெயின்ஸிலிருந்து பிரிக்க வேண்டியது மானிட்டரை. 230 வோல்ட் வாங்கி 230 வோல்ட்டே கொடுக்கும், இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக உள்ள ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாக மானிட்டருக்குக் கரண்ட் கொடுங்கள். அதன் வெளியீடு எர்த்தோடு இணைந்திருக்கக் கூடாது, மீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள். வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போதுமே என்று பலர் நினைக்கிறார்கள், சாதாரண வேரியாக்கில் ஒரே சுற்றுதான், பிரிப்பு எதுவும் இல்லை. அப்புறம், எல்லா சேனல்களின் கிளிப்புகளும் உள்ளே ஒன்றே, அதனால் இரண்டு கிளிப்புகளை இரண்டு வெவ்வேறு புள்ளிகளில் மாட்டினால் மறுபடி ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று கையை உள்ளே விடவும் வேண்டாம்: கிளிப் மாட்டியதும் அந்தப் பக்கம் எர்த் ஆகிவிடுகிறது, பாசிட்டிவைத் தொட்டால் 325 வோல்ட், வீட்டு ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. கரண்டை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்கிய பிறகே கிளிப்பில் கை வையுங்கள்.

இந்த வேலையை அடிக்கடி செய்வதாக இருந்தால் உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் ப்ரோப் (இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை எர்த் கிளிப் இல்லாமல் அளப்பது) வாங்குங்கள், என் கருத்தில் அந்தக் காசு வீண் போகாது. இப்போதைக்கு இரண்டு ப்ரோப்களை இரண்டு புள்ளிகளில் வைத்து, கிளிப்புகளைச் சர்க்யூட்டில் மாட்டாமலேயே, ஸ்கோப்பில் ஒரு சேனலிலிருந்து மற்றதைக் கழித்தும் பார்க்கலாம். ஆனால் போர்டின் சுவிட்சிங் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டின் டிரெயின் முனையில் 500, 600 வோல்ட்கூட வரும், பல 10:1 ப்ரோப்கள் (மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பவை) அதைத் தாங்காது, 100:1 எடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில், அதாவது 12 வோல்ட், 5 வோல்ட் வரும் இடத்தில், பொதுவாகக் கிளிப் மாட்டலாம். சந்தேகம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை நீங்கள் கிளிப் மாட்ட நினைக்கும் புள்ளியில், கறுப்பு முனை பிளக்கின் லைவில், பிறகு நியூட்ரலில். இரண்டில் எதிலாவது 0.5 வோல்ட் அளவுக்குக் காட்டினால் அது மெயின்ஸ் பக்கம், அங்கே கிளிப் போகக் கூடாது.