புது மிஷின்ல எக்ஸ்போர்ட் வேகமா முடியுது, படம் மட்டும் ஏன் உடையுது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்குறேன். ரொம்ப வருஷமா ஒரே பழைய கம்ப்யூட்டர்தான், மூணு மணி நேர வீடியோவ எக்ஸ்போர்ட் போட்டுட்டுப் படுத்தா காலைலதான் முடியும். இப்ப லோன் போட்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு வச்ச புது மிஷின் வாங்கிருக்கேன், எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியர் புரோவும் புது வெர்ஷன். அதே மூணு மணி நேரம் இப்ப சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுது. ஆனா தாலி கட்டும்போது அட்சதை போடுற எடத்துல முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையுது, கூரைப்புடவை செவப்பு ஓரத்துல வழியுது. பழசுல போட்ட அதே 10 எம்பிபிஎஸ் பிட்ரேட்தான், அதாவது செகண்டுக்கு 10 மெகாபிட் டேட்டாங்குற செட்டிங்தான் போட்டேன். கடைக்காரர் கார்டு நல்லாதான் இருக்குங்குறார். மாத்தித் தரச் சொல்லி சண்டை போடவா?

பதில்: வேண்டாம் தம்பி, கடைக்காரர் சொல்றது சரிதான். கார்டுலயே கோளாறுன்னா எக்ஸ்போர்ட் பாதில நிக்கும், படத்துல பச்சைப் பட்டை அடிக்கும், மிஷினே ஆஃப் ஆகி ஆன் ஆகும். உங்களுக்கு நடந்தது வேற. பழைய மிஷின்ல சாஃப்ட்வேர் என்கோடிங் ஓடிருக்கு, அதாவது ப்ராசஸரே ஒவ்வொரு ஃப்ரேமா கணக்குப் போட்டு சுருக்கிருக்கு, அதான் விடிய விடிய ஆச்சு. பிரீமியர்ல என்விடியா, ஏஎம்டி கார்டு வச்சு என்கோட் பண்ற வசதியே 2020 மே மாசம் 14.2 வெர்ஷன்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இன்டெல் ப்ராசஸரோட உள்கிராஃபிக்ஸ வச்சு என்கோட் பண்ற குயிக் சிங்க் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப புது வெர்ஷனும் புது கார்டும் சேர்ந்ததும் பிரீமியர் தானாவே கார்டு வச்சு சுருக்குற ஹார்ட்வேர் என்கோடிங்க எடுத்துக்குச்சு, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. செட்டிங்ஸ நீங்க மாத்தல, ஆனா அந்த 10 எம்பிபிஎஸ்ஸ செலவு பண்ற ஆள் மாறிட்டார். ஒரே சம்பளத்துல ரெண்டு குடும்பம் ஒரே மாதிரி நடக்காதுல்ல, அந்தக் கதைதான்.

கார்டுக்குள்ள இருக்குற என்கோடர் தனியா ஒரு சர்க்யூட், வேகத்துக்காகவே செஞ்சது. ஒரு கட்டத்தை எடுத்து, இது போன ஃப்ரேம்ல எங்க இருந்துச்சுன்னு தேடும், கிடைச்சா "அங்கருந்து இங்க நகர்ந்துச்சு"ன்னு மட்டும் எழுதி வச்சுக்கும், அதுக்கு டேட்டா கொஞ்சந்தான் ஆகும். ப்ராசஸர்ல ஓடுற சாஃப்ட்வேர் என்கோடருக்கு நேரம் கொடுத்தா இதே தேடல ரொம்ப தூரம் தேடும், பல வழிய போட்டுப் பாத்து எது லாபமோ அத எடுக்கும். இப்ப உங்க தாலி கட்டுற சீன நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளிப் பாருங்க. அரிசி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசைல பறக்குது, போன ஃப்ரேம்ல அதுக்கு ஜோடியே கிடையாது. அதே நேரத்துல ஸ்டில் போட்டோகிராஃபர் ஃபிளாஷ் அடிக்கிறார், அது வீடியோல ஒரு ஃப்ரேம்ல, சில சமயம் அந்த ஒரு ஃப்ரேம்லயும் பாதில மட்டும் வெள்ளையா விழும், ஏன்னா கேமரா சென்சார் மேலருந்து கீழ வரி வரியா படிக்குது. ஃபிளாஷ் விழுந்த ஃப்ரேமுக்கும் அதுக்கு முன்னாடி ஃப்ரேமுக்கும் ஒட்டே இல்ல, மறுபடி முதல்லருந்து எழுதணும். அரிசியும் ஃபிளாஷும் ஒண்ணா வந்தா 10 எம்பிபிஎஸ் எந்த மூலைக்கு, என்கோடர் பட்ஜெட்டுக்குள்ள நிக்கணும்னு முகத்துல இருக்குற நுணுக்கத்ததான் முதல்ல தூக்கிப் போடும். கல்யாணத்துலயே முக்கியமான அந்த அஞ்சு செகண்டுதான் என்கோடருக்கு ரொம்பக் கஷ்டமான அஞ்சு செகண்டும், அதனாலதான் மத்த எடமெல்லாம் நல்லா இருந்தும் அங்க மட்டும் உடையுது.

முதல்ல ஒரு டெஸ்ட் பண்ணுங்க, முழு வீடியோவும் போட வேணாம். கெட்டிமேளம் அடிக்கிற எடத்துல ஒரு அரை நிமிஷம் மட்டும் இன், அவுட் வச்சு மூணு தடவை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ஒண்ணு இப்ப இருக்குற மாதிரியே ஹார்ட்வேர், 10. ரெண்டாவது அதே 10, ஆனா எக்ஸ்போர்ட் செட்டிங்ஸ்ல வீடியோவுக்குக் கீழ என்கோடிங் செட்டிங்ஸ்னு இருக்கும், அதுல பெர்ஃபார்மன்ஸ்ங்குற எடத்துல சாஃப்ட்வேர் என்கோடிங்னு மாத்தி, பிட்ரேட்ல விபிஆர் 2 பாஸ் (எடத்துக்குத் தகுந்த மாதிரி டேட்டாவ கூட்டிக் குறைச்சு, ரெண்டு தடவை ஓடிச் சுருக்குறது) வச்சு போடுங்க. மூணாவது ஹார்ட்வேர்லயே டார்கெட் 20, மேக்ஸிமம் 30. மூணையும் டைம்லைன்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, வியூவர 100 சதவீதத்துல வச்சு, மேல இருக்குறத மறைச்சு மறைச்சு அதே ஃப்ரேம பாருங்க. ஓடவிட்டுப் பாத்தா கண்ணு ஏமாத்தும்.

ரெண்டாவது தெளிவா இருந்தா என்கோடர்தான் காரணம்னு முடிவாச்சு. மூணாவதும் தெளிவா இருந்தா உங்களுக்கு வேகமும் கிடைச்சாச்சு, படமும் கிடைச்சாச்சு. பென் டிரைவ்ல கொடுக்குற வீடியோவுக்கு என் ஓட்டு மூணாவதுக்குத்தான். மூணு மணி நேரம் 10ல போட்டா 13.5 ஜிபி, 20ல போட்டா 27 ஜிபி, 64 ஜிபி டிரைவ்ல தாராளமா நிக்கும், இதுக்குப் போய் ராத்திரி பூரா மிஷின ஓட விட வேணாம். ஆனா ஃபைல் சின்னதாதான் வேணும், ஆன்லைன்ல அனுப்பணும்னா அங்க சாஃப்ட்வேர் 2 பாஸ்தான். ஒரு தடவை முழுசா படிச்சு எங்க கஷ்டம் எங்க சுலபம்னு தெரிஞ்சுக்கிட்டு, ஆல்பம் ஸ்டில்ஸ் ஓடுற எடத்துல மிச்சம் பிடிச்சு தாலி கட்டுற எடத்துல செலவு பண்ணும். பிரீமியர்ல ஹார்ட்வேர் வச்சா இந்த 2 பாஸ் கிடைக்காது.

நிறைய பேர் ஒரு பயத்துல சாஃப்ட்வேர் என்கோடிங் பக்கமே போறதில்ல, "அப்ப இவ்வளவு காசு கொடுத்த கார்டு சும்மாதான் கிடக்குமா"ன்னு கேக்குறாங்க. கிடக்காது. கலர் கரெக்‌ஷன், டைட்டில், எஃபெக்ட் எல்லாத்தையும் அப்பவும் கார்டுதான் போடும், கடைசியா சுருக்குற ஒரு வேலைய மட்டும்தான் ப்ராசஸர் எடுத்துக்கும். உங்க புது ப்ராசஸருக்கு அது பழைய மிஷின் மாதிரி விடியற வரைக்கும் ஆகாது.

புடவை விஷயம் தனி. எச்.264ங்குற சுருக்குற முறைல வழக்கமா போடுற 4:2:0ங்குற கலர் கணக்குல வெளிச்சத்துக்கு ஒவ்வொரு பிக்ஸலுக்கும் ஒரு அளவு இருக்கும், கலருக்கு நாலு பிக்ஸலுக்கு ஒண்ணுதான். அதனால அடர் செவப்பும் ஜரிகையும் சேர்ற ஓரம் எந்த என்கோடர்ல போட்டாலும் கொஞ்சம் வழியும், கேமராவே 4:2:0ல எடுத்திருந்தா எடிட்டிங்குக்கு வர்றதுக்கு முன்னாடியே வழிஞ்சிருக்கும். பிட்ரேட் ஏத்தினா குறையும், முழுசா போகாது. இதுக்கு புது கார்ட குத்தம் சொல்லாதீங்க. கடைசியா ஒண்ணு, எக்ஸ்போர்ட் பண்ணும்போது யூஸ் ப்ரிவியூஸ்ங்குறதுல டிக் இருந்தா எடுத்துடுங்க, எடிட்டிங் வேகத்துக்காக முன்னாடி மட்டமா ரெண்டர் பண்ணி வச்சதையே அது எடுத்து சுருக்கிடும்.

கேள்வி: வணக்கம். நான் பள்ளி ஆசிரியை, மதுரை. கணக்குப் பாடம் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல எழுதி ஓபிஎஸ்ங்குற ஸ்க்ரீன் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடுறேன். புது லேப்டாப்ல ஏஎம்டி ப்ராசஸர். எழுத்தெல்லாம் மங்கலா, சுத்தி அழுக்கு படிஞ்ச மாதிரி தெரியுது, பிள்ளைங்க அடுக்குக்குறி தெரியலன்னு சொல்றாங்க. எக்ஸ்போர்ட் எவ்வளவு கூட்டினாலும் மாறல.

பதில்: எக்ஸ்போர்ட்ட கூட்டியும் மாறலன்னா தப்பு அதுக்கு முன்னாடியே நடந்திருக்குங்க டீச்சர். ஓபிஎஸ் செட்டிங்ஸ்ல அவுட்புட் போய்ப் பாருங்க, ரெக்கார்டிங் குவாலிட்டில சேம் ஆஸ் ஸ்ட்ரீம்னு இருந்தா அது லைவ் போடுறதுக்கு வச்ச குறைஞ்ச பிட்ரேட்டுல ரெக்கார்ட் ஆகுது, அத ஹை குவாலிட்டின்னு மாத்துங்க. அடுத்து வீடியோ பக்கத்துல பேஸ், அவுட்புட் ரெண்டு ரெசல்யூஷனும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, உங்க ஸ்க்ரீன் 1080ஆ இருந்து அவுட்புட் 720ன்னு கிடந்தா எழுத்து அங்கயே மங்கிடும், அப்புறம் என்ன செஞ்சாலும் திரும்பாது.

என்கோடரப் பொறுத்தவரைக்கும் ஏஎம்டியோட பழைய தலைமுறை சிப்புகள்ல எச்.264 கொஞ்சம் பலவீனம்தான், அதே சிப்புல எச்.264க்கு அடுத்து வந்த ஹெச்இவிசிங்குற முறை நல்லா இருக்கும். யூடியூப் ஹெச்இவிசி ஃபைல வாங்கிக்கும். இல்லன்னா எக்ஸ்264ங்குற சாஃப்ட்வேர் என்கோடர எடுங்க, எழுதுற பலகை அதிகமா அசையாது, லேப்டாப் அத சுலபமா தாங்கும். 30 ஃப்ரேம் 1080 வீடியோவுக்கு யூடியூப் சொல்ற அளவு 8 எம்பிபிஎஸ், 60 ஃப்ரேமுக்கு 12. நீங்க என்ன கொடுத்தாலும் அவங்க திரும்ப ஒரு தடவை சுருக்குவாங்க, அதனால கொடுக்குறது அந்த அளவுக்கு மேலயே இருக்கட்டும். நீலப் பலகைல செவப்புல எழுதுறத மட்டும் விட்டுடுங்க, மேல புடவைக்குச் சொன்ன அதே கலர் கணக்கு இங்க எழுத்தத் தின்னுடும். கருப்புல வெள்ளை, இல்லன்னா வெள்ளைல கருப்பு, அடுக்குக்குறிய கொஞ்சம் பெருசா எழுதுங்க, கடைசி பெஞ்சுல ஃபோன்ல பாக்குற பிள்ளைக்கும் தெரியணும்ல.

கேள்வி: எல்லாரும் குயிக் சிங்க் குயிக் சிங்க்னு சொல்றாங்க, என் புது டெஸ்க்டாப்ல அந்த ஆப்ஷனே காட்டல. இன்டெல் ப்ராசஸர்தான்.

பதில்: ப்ராசஸர் பேர்ல கடைசி எழுத்து எஃப்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுல உள்கிராஃபிக்ஸ் கிடையாது, குயிக் சிங்க்கும் அதோட போச்சு, விலை கொஞ்சம் குறைவுன்னு கடைல அதத்தான் நிறைய போட்டுக் கொடுக்குறாங்க. எஃப் இல்லன்னா பயாஸ்ல (மிஷின் ஆன் ஆகும்போதே உள்ள போய் மாத்துற மதர்போர்டு செட்டிங்ஸ்) உள்கிராஃபிக்ஸ் ஆஃப் ஆகிருக்கும், தனி கார்டு சொருகினா சில மதர்போர்டு அப்படிப் பண்ணும், ஆன் பண்ணி இன்டெல் டிரைவர் போட்டா வந்துடும். பழைய கார்டு வாங்குறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், என்விடியால 2018ல வந்த டூரிங் தலைமுறைலருந்துதான் என்கோடர் நல்லா தேறுச்சு. ஆனா முதல்ல வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகள்ல பழைய என்கோடர்தான் இருந்துச்சு, 1650 சூப்பர்ல புதுசு. செகண்ட் ஹேண்ட்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், எடிட்டிங்குக்குன்னா சூப்பர்னு எழுதிருக்கான்னு பாத்து வாங்குங்க.

கேள்வி: அப்பா அம்மா கல்யாண விஎச்எஸ் கேசட்ட கம்ப்யூட்டருக்கு ஏத்திட்டேன். ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல சுருக்கும்போது ஆர்எஃப்ங்குற தர அளவு 20 போட்டா நல்லா இருக்கும்னு படிச்சேன், என் என்விடியா கார்டோட என்வென்க் என்கோடர்லயும் அதே 20 போட்டேன், படம் மெழுகு பூசின மாதிரி ஆயிடுச்சு.

பதில்: அந்த 20 எக்ஸ்264க்கு உள்ளது. என்வென்க்ல அதே எண்ணுக்கு அர்த்தம் வேற, ரெண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. கேசட்ல பொடிப்பொடியா ஓடுற அந்தப் புள்ளிதான் படத்துக்கு உயிர், அதத்தான் கார்டு வழிச்சுத் துடைச்சிருக்கு. கேசட் படம் 720க்கு 576தான், இத்தனூண்டு படத்துக்கு ஹார்ட்வேர் வேகமே தேவையில்ல. எக்ஸ்264, பிரிசெட் ஸ்லோ, ட்யூன்ல கிரெய்ன், ஆர்எஃப் 18, டீஇன்டர்லேஸ் கண்டிப்பா ஆன், இப்படிப் போடுங்க. டீஇன்டர்லேஸ் விட்டீங்கன்னா கை அசையுற எடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு விழும். முக்கியமா, கேசட்லருந்து முதல்ல ஏத்தின பெரிய ஃபைல அழிச்சிடாதீங்க, கேசட்டுல பூஞ்சை பிடிச்சா திரும்ப எடுக்க முடியாது, தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க.

கேள்வி: கஸ்டமர் டிவில பென் டிரைவ் போட்டா சத்தம் மட்டும் வருது, படம் வரல.

பதில்: ஹெச்இவிசில போட்டிருப்பீங்க, பழைய டிவி பலதுக்கு அது தெரியாது. எச்.264, எம்பி4, 1080ல ஒரு காப்பி போட்டுக் கொடுங்க. ஃபைல் 4 ஜிபிக்கு மேலன்னா ஃபேட்32ன்னு ஃபார்மட் பண்ணின டிரைவ்ல ஏறாது, எக்ஸ்ஃபேட்னு ஃபார்மட் பண்ணணும், அதையும் அந்த டிவி படிக்குதான்னு பாத்துக்கங்க. படிக்கலன்னா முகூர்த்தம், ரிசப்ஷன்னு 4 ஜிபிக்குள்ள தனித்தனி ஃபைலா பிரிச்சுக் கொடுத்துடுங்க.